ஆறாம் கட்டடத்தின் சாவி

1972 ஜனவரி தொடக்கத்தில், நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில் இருந்த வில்லோபுரூக் அரசுப் பள்ளி இரண்டு பேரை வேலையை விட்டு நீக்கியது. ஒருவர் மைக்கல் வில்கின்ஸ், இளம் மருத்துவர். இன்னொருவர் எலிசபெத் லீ, சமூகப் பணியாளர். இருவரும் நிரந்தரப் பணியில் இல்லாதவர்கள் என்பதால் நீக்குவது சுலபமாக இருந்தது. அங்கே அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகளின் பெற்றோர்களைக் கூட்டி, ‘கேள்வி கேளுங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்ததுதான் இவர்கள் செய்த வேலை. அவசரத்தில் நிர்வாகம் ஒன்றை மறந்துவிட்டது. வில்கின்ஸிடம் ஆறாம் கட்டடத்தின் சாவி இருந்தது. அதை யாரும் திரும்ப வாங்கவில்லை.

வில்கின்ஸ் தனக்கு முன்பே அறிமுகமான ஒரு தொலைக்காட்சி நிருபரை அழைத்தார். ஜெரால்டோ ரிவேரா என்று பெயர். அப்போது அவருக்கு 28 வயது. (கிட்டத்தட்ட என் வயசு.) ஜனவரி 6ஆம் தேதி ஒரு படப்பிடிப்புக் குழு அந்தச் சாவியோடு உள்ளே நுழைந்தது. அனுமதி கேட்கவில்லை, முன்னறிவிப்பும் தரவில்லை. அவர்கள் உள்ளே இருந்தது சில நிமிடங்கள்தான். அன்றிரவே அந்தக் காட்சிகள் செய்தியில் வந்தன. பிப்ரவரி மாதம் முழு ஆவணப்படமாகவும் ஒளிபரப்பானது.

இந்தக் கதையை ஒரு துணிச்சலான நிருபரின் கதையாகத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். கேமரா போனது, உண்மை வெளிவந்தது, அரசாங்கம் அசைந்தது என்று. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் வில்லோபுரூக்கின் வரலாற்றை முன்னால் இருந்து படித்துக்கொண்டு வந்தால் வேறொன்று தெரிகிறது. 1972இல் வெளிவந்ததில் புதுசாக எதுவுமே இல்லை. தெரிய வேண்டியவர்களுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஒருமுறை அல்ல, பலமுறை சொல்லப்பட்டிருந்தது. அப்படியென்றால், சொல்லப்பட்ட ஒன்று எப்போது புகாராக ஆகிறது? இந்தக் கட்டுரைக்கு அதுதான் கேள்வி.

முதலில் அந்த இடம். ‘பள்ளி’ என்ற பெயரை நம்ப வேண்டாம். அறிவுவளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக 1938இல் நியூயார்க் மாநிலம் திட்டமிட்ட வளாகம் அது. 1942இல் கட்டி முடித்தபோது போர் நடந்துகொண்டிருந்ததால் இராணுவ மருத்துவமனையாக்கிவிட்டார்கள். பிள்ளைகள் வந்தது 1947இல். சுமார் 4,000 பேருக்கான இடத்தில் 1960களின் நடுவில் 6,000 பேருக்கு மேல் இருந்தார்கள். பிள்ளைகள் என்கிறேன், ஆனால் உள்ளே வந்தவர்களில் பலர் அங்கேயே வளர்ந்து பெரியவர்களாகி நரைத்தும் போனார்கள்.

பெற்றோர்கள் கல்நெஞ்சர்கள் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. டௌன் சிண்ட்ரோமோடு ஒரு குழந்தை பிறந்தால், ‘இதை மறந்துவிடுங்கள், அரசு பார்த்துக்கொள்ளும், நீங்கள் இன்னொன்று பெற்றுக்கொள்ளுங்கள்’ என்று மருத்துவர்களே சொன்ன காலம் அது. சாதாரணப் பள்ளிக்கூடங்கள் சேர்க்காது. வீட்டில் வைத்துப் பார்க்க எந்த உதவியும் கிடையாது. நம் வீடுகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பின்னறை இருந்தது, விருந்தினர் வந்தால் சாத்தப்படும் கதவு. அவர்களுக்கு அது ஒரு தீவில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி, யார் யார் சொன்னார்கள் என்று பார்ப்போம்.

1965 செப்டம்பரில் செனட்டர் ராபர்ட் கென்னடி முன்னறிவிப்பில்லாமல் வில்லோபுரூக்குக்குப் போனார். அவருடைய அக்கா ரோஸ்மேரி இளம்வயதில் செய்யப்பட்ட மூளை அறுவையால் முடங்கி ஒரு காப்பகத்தில் வாழ்ந்துகொண்டிருந்தவர். எனவே இந்த விஷயம் அவருக்கு வெறும் அரசியல் அல்ல. வெளியே வந்து, மிருகக்காட்சிசாலைக் கூண்டுகள்கூட இதைவிட வசதியாக இருக்கும் என்ற பொருளில் பேசினார். இந்த இடம் ஒரு பாம்புக்குழி என்றார். பத்திரிகைகளில் வந்தது. சொன்னவர் தெருவில் போகிற யாரோ அல்ல, கொல்லப்பட்ட அதிபரின் தம்பி, பதவியில் இருக்கும் செனட்டர். மாநில அரசு கோபப்பட்டது, திட்டங்கள் அறிவித்தது. பிறகு அமைதி.

அதே ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் பர்டன் பிளாட் என்ற பேராசிரியரும் ஃபிரெட் கப்ளன் என்ற புகைப்படக்காரரும் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இதுபோன்ற சில காப்பகங்களுக்குப் போனார்கள். கப்ளன் இடுப்பில் ஒரு சின்ன கேமராவை மறைத்து வைத்திருந்தார். பிளாட் பேச்சுக்கொடுத்துக்கொண்டே நடக்க, அவர் படமெடுத்துக்கொண்டே வந்தார். 1966இல் அது புத்தகமானது. ஆனால் எந்தக் காப்பகம் என்று பெயர் குறிப்பிடவில்லை. உள்ளே விட்டவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்ற நல்ல எண்ணம் அதில் இருந்தது. அதன் விளைவையும் யோசித்துப் பார்க்க வேண்டும். பெயரில்லாத இடத்துக்கு யார் பொறுப்பு? பார்த்தவர்கள் எல்லாரும் பதறினார்கள், பதில் சொல்ல வேண்டியவர் யாரும் இல்லை.

மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்துவது. 1950களின் நடுவிலிருந்து 1970 வரை, சால் குரூக்மன் என்ற குழந்தை மருத்துவரின் குழு வில்லோபுரூக்கில் ஹெப்படைட்டிஸ் ஆய்வு நடத்தியது. அங்கே சேர்க்கப்பட்ட சில பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே வைரஸைக் கொடுத்து, நோய் எப்படி வளர்கிறது என்று பார்த்தார்கள். ‘இங்கே எல்லாருக்கும் எப்படியும் வரத்தான் போகிறது’ என்பது அவர்கள் சொன்ன நியாயம். பெற்றோர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஆனால் 1964இல் இடமில்லை என்று பொதுச்சேர்க்கையை நிறுத்திய பிறகும், இந்த ஆய்வுப் பிரிவில் மட்டும் சேர்க்கை நடந்தது. பல வருஷமாகக் காத்திருக்கும் அம்மாவிடம் அந்தப் படிவத்தை நீட்டினால் அது எந்த வகைச் சம்மதம் என்று சொல்லத் தேவையில்லை.

இதில் எதுவும் இரகசியமாக நடக்கவில்லை. முடிவுகளை உலகின் முன்னணி மருத்துவ இதழ்களில் அவர்களே வெளியிட்டார்கள். அதாவது, குற்றம் நடக்க நடக்கவே அச்சில் வந்துகொண்டிருந்தது, அறிவியல் என்ற தலைப்பில். 1966இல் ஹென்றி பீச்சர் என்ற ஹார்வர்ட் மருத்துவர், நெறிமீறிய 22 ஆய்வுகளைப் பட்டியலிட்டு ஒரு கட்டுரை எழுதினார். வில்லோபுரூக் அதில் ஒன்று. ஆய்வு அதற்குப் பிறகும் தொடர்ந்தது. குரூக்மனின் பணி ஹெப்படைட்டிஸில் இரண்டு வகை உண்டு என்பதை நிறுவியது, தடுப்பூசிக்கு வழிவிட்டது, 1983இல் லாஸ்கர் விருதும் பெற்றது. இன்று நம் பிள்ளைகளுக்குப் போடும் ஊசியில் அந்தப் பிள்ளைகளின் பங்கும் இருக்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அப்புறம் 1971. மாநில அரசு செலவைக் குறைக்கப் புதிய ஆட்களை எடுப்பதை நிறுத்தியது. நூற்றுக்கணக்கான இடங்கள் காலியாகவே கிடந்தன. நவம்பரில் ஸ்டேட்டன் தீவின் உள்ளூர் நாளிதழில் ஜேன் கர்ட்டின் என்ற நிருபர் தொடர் கட்டுரைகள் எழுதினார். எரிக் ஏர்ட்ஸ் எடுத்த படங்களும் வந்தன. ரிவேராவுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே, ரிவேரா காட்டிய அதே விஷயங்கள். இன்று கர்ட்டின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் வேலை செய்யும் துறையில் ‘நியர் மிஸ்’ என்று ஒரு படிவம் உண்டு. விபத்து நடக்கவில்லை, ஆனால் நடந்திருக்கும் என்றால் அதை எழுதிப் போட வேண்டும். மேலேயிருந்து ஒரு ஸ்பேனர் விழுந்தது, யார் தலையிலும் படவில்லை என்றாலும் எழுத வேண்டும். படிவத்தில் ‘என்ன நடந்தது’ என்பதற்குச் சின்ன இடம்தான். மீதியெல்லாம் வேறு: யார் பெற்றுக்கொண்டார், எந்தத் தேதிக்குள் பதில், யார் சரிசெய்தார், யார் சரிபார்த்தார். புதுசாகச் சேர்ந்தபோது இது வெறும் காகித வேலை என்று நினைத்திருந்தேன். வில்லோபுரூக்கைப் படித்தபோதுதான் அந்த மற்ற கட்டங்களின் அர்த்தம் விளங்கியது. கென்னடியும் பிளாட்டும் பீச்சரும் கர்ட்டினும் முதல் கட்டத்தைத் திரும்பத் திரும்ப நிரப்பினார்கள். இரண்டாவது கட்டத்தில் எழுத ஒரு பெயர் இல்லை. புகாரைப் பெற்றுக்கொள்ள வேண்டியதும் அரசு, புகாருக்கு ஆளானதும் அரசு.

ஆவணப்படத்துக்கு வருவோம். ஆறாம் கட்டடத்தில் சுமார் ஐம்பது பிள்ளைகள், ஒரே ஒரு பணியாளர். உடையில்லாமல், சிலர் தங்கள் மலத்தின் மேலேயே, இருட்டில். பார்த்ததையும் கேட்டதையும் காட்ட முடிகிறது, அந்த வாடையை உங்களுக்குக் காட்ட முடியவில்லை என்று ரிவேரா சொல்வார். அதுதான் பிரபலமான காட்சி. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வில்கின்ஸோடு நடக்கும் ஒரு சிறிய உரையாடல். ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்ட எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று கேட்கிறார் ரிவேரா. இரண்டு, மூன்று நிமிஷம் என்கிறார் வில்கின்ஸ். அதனால் என்ன ஆகும்? நிமோனியாவால் மரணம் என்று பதில் வருகிறது. தானாக விழுங்க முடியாத பிள்ளையின் வாயில் அவசரமாகத் திணித்தால் சாப்பாடு நுரையீரலுக்குப் போய்விடும். அந்தப் பணியாளர் கொடுமைக்காரர் இல்லை. அவருக்குக் கை இரண்டுதான். ‘புறக்கணிப்பு’ என்ற சொல்லைப் படிக்கும்போது நாம் யாரோ ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதைத்தான் நினைக்கிறோம். இங்கே அது ஒரு வகுத்தல் கணக்கு. ஆளெடுப்பை நிறுத்தும் கோப்பில் கையெழுத்துப் போட்டவர் எந்தப் பிள்ளையையும் தொட்டதுகூட இல்லை.

படத்தில் இன்னொருவர் பேசுகிறார். பெர்னார்ட் காரபெல்லோ. பெருமூளை வாதம் உள்ளவர். பேச்சு தெளிவாக வராது, கைகால் கட்டுப்படாது. அதைவைத்து அவருக்கு அறிவுவளர்ச்சி இல்லை என்று தவறாக முடிவுசெய்து, மூன்று வயதில் வில்லோபுரூக்கில் போட்டுவிட்டார்கள். அவர் அங்கே இருந்தது 18 வருஷம். அடிபட்டதைப் பற்றிப் பின்னாளில் நிறையப் பேசியிருக்கிறார். படத்தில் அவர் பேசுவதைக் கேட்க நாம் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கிறது. கவனித்துக் கேட்டால் எல்லாம் புரிகிறது. படிக்க ஆசைப்பட்டேன் என்கிறார். அந்தப் ‘பள்ளி’யில்.

அதுவரை சொன்னவர்கள் எல்லாரும் வெளியிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள். செனட்டர், பேராசிரியர், மருத்துவர், நிருபர். உள்ளே இருந்தவர்கள் பேசவில்லையா? பேசியிருப்பார்கள், அலறியிருப்பார்கள், கடித்திருப்பார்கள், சாப்பிட மறுத்திருப்பார்கள். அதெல்லாம் கோப்பில் வேறு பெயரில் ஏறும்: ‘நடத்தைக் கோளாறு’. பேச முடியாதவரின் புகாரை நோயின் அறிகுறியாக எழுதிக்கொள்வது இதுபோன்ற இடங்களின் பழைய பழக்கம். காரபெல்லோ பேசியபோது, ‘இவருக்கு ஒன்றும் தெரியாது’ என்று இனிமேல் சொல்ல முடியாமல் போனது. பின்னாளில் நியூயார்க்கில் மாற்றுத்திறனாளிகள் தங்களுக்காகத் தாங்களே பேசும் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

1972 மார்ச்சில் பெற்றோர்களும் அமைப்புகளும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். மறந்துபோன சாவியைவிட இதுதான் பெரிய விஷயம் என்பது என் அபிப்பிராயம். வில்கின்ஸும் லீயும் வேலை போகும் முன்பே பெற்றோர்களைத் திரட்டிவைத்திருந்ததால்தான், பரபரப்பு அடங்கும் முன் வழக்குப் போட ஆள் இருந்தது. நிரந்தரப் பணியில் இருந்ததால் நீக்க முடியாத வில்லியம் பிரான்ஸ்டன் என்ற மருத்துவரும் உள்ளேயே இருந்தார். தொலைக்காட்சி மட்டும் வந்திருந்தால், கென்னடிக்கு நடந்ததுதான் ரிவேராவுக்கும் நடந்திருக்கும்.

நீதிபதி ஆரின் ஜட் 1973இல் கொடுத்த இடைக்காலத் தீர்ப்பு வினோதமானது. இவர்களுக்குச் சிகிச்சையும் பயிற்சியும் பெறும் அரசியலமைப்பு உரிமை இருப்பதாகத் தன்னால் ஏற்க முடியவில்லை என்றார். ஆனால் தீங்கிலிருந்து பாதுகாக்கப்படும் உரிமை உண்டு என்றார். சிறைக்கைதிக்கு உள்ள உரிமையாவது இவர்களுக்கு இருக்க வேண்டும் என்ற தர்க்கம். வழக்கறிஞர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். ஆனால் அந்தச் சின்ன வாசல் போதுமானதாக இருந்தது. 1975இல் ஆளுநர் ஹியூ கேரியின் அரசு ஓர் உடன்பாட்டு ஆணைக்குச் சம்மதித்தது. கட்டிப்போடக்கூடாது, தனியறையில் அடைக்கக்கூடாது, மருத்துவப் பரிசோதனை நடத்தக்கூடாது, வேலைநாட்களில் தினமும் ஆறு மணிநேரம் பயிற்சி தர வேண்டும், ஆயிரக்கணக்கானோரைச் சிறு வீடுகளுக்கு மாற்றி வில்லோபுரூக்கை 250 பேருக்குக் குறைக்க வேண்டும். முக்கியமானது, இதையெல்லாம் கண்காணிக்க அரசுக்கு வெளியே ஒரு குழு. படிவத்தின் மற்ற கட்டங்கள் வந்துவிட்டன.

அரசுக்கு எது வலிக்கும் என்பது 1980இல் தெரிந்தது. மாநிலச் சட்டமன்றம் அந்தக் கண்காணிப்புக் குழுவுக்குப் பணம் ஒதுக்க மறுத்தது. ஆனாலும் வேலை நிற்கவில்லை. 1987இல் வில்லோபுரூக் மூடப்பட்டது. வளாகத்தில் இன்று ஸ்டேட்டன் தீவுக் கல்லூரி இயங்குகிறது.

அதே 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஒவ்வொரு மாநிலத்திலும், சேவை தரும் துறையைச் சாராத ஒரு பாதுகாப்பு அமைப்பு இருக்க வேண்டும், அது புகார்களை விசாரித்து வழக்கும் போடலாம் என்றது. 1980இல் வந்த இன்னொரு சட்டம், இத்தகைய காப்பகங்களின் மேல் நீதித்துறை அமைச்சே வழக்குத் தொடர வழிசெய்தது. இரண்டுக்கும் பின்னால் வில்லோபுரூக்கின் நிழல் உண்டு.

எல்லாம் சரியாகிப் போச்சு என்று இங்கே முடித்துக்கொள்ள ஆசைதான். ஆனால் 2011இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் டேனி ஹக்கிம் ஒரு தொடர் எழுதினார். அதே நியூயார்க் மாநிலம், இந்த முறை சிறு வீடுகள். 2009இல் மட்டும் சுமார் 13,000 துன்புறுத்தல் குற்றச்சாட்டுகள். அதில் காவல்துறைக்குப் போனது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. பல இடங்களில் அடித்த ஊழியரை இன்னொரு வீட்டுக்கு மாற்றிவிட்டிருக்கிறார்கள். பெரிய கட்டடத்தை உடைத்துச் சின்னச் சின்னதாக்கியபோது புகார் மறுபடியும் அந்தந்த வீட்டு மேலாளரின் மேசையில் வந்து நின்றுவிட்டது. அதன் பிறகு, 2013இல் மாநிலம் இதற்கென்றே ஒரு தனி அமைப்பை உருவாக்கியது. 24 மணிநேரத் தொலைபேசி. பராமரிப்புப் பணியில் உள்ள எவரும் கண்டதைச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் இருப்பதும் தவறு என்ற விதி. 1972இல் சொன்னதற்காக வேலை போனது. 2013இல் சொல்லாவிட்டால் வேலை போகும். இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு 41 வருஷம்.

ஏர்வாடியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. இராமநாதபுரம் மாவட்டத்தில், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, தர்காவை ஒட்டி நடத்தப்பட்ட ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. மனநலக் காப்பகங்களுக்கு உரிமம் வேண்டும் என்று இந்தியச் சட்டம் 1987லேயே சொல்லிவிட்டது. அந்தச் சங்கிலிகளும் மறைவில் இல்லை, தர்காவுக்கு வந்துபோனவர்கள் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தன. தீ விபத்துக்குப் பிறகு, பத்திரிகைச் செய்தியைப் பார்த்து உச்சநீதிமன்றம் தானாக வழக்கெடுத்தது. ஏர்வாடியில் அதுபோன்ற காப்பகங்கள் மூடப்பட்டன. அங்கே 28 சாவுதான் சாவியாக இருந்தது.

நம் நாட்டில்? 2021இல் டௌன் சிண்ட்ரோம் உள்ள 13 வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு தனியார் இல்லத்தில் கொடுமைப்படுத்தப்பட்ட செய்தி மலேசியாவையே உலுக்கியது. 2023 மே மாதம் அமர்வு நீதிமன்றம் அந்த இல்லத்தை நிறுவியவருக்கு 12 ஆண்டு சிறை விதித்தது. தண்டனை வந்தது 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டம் மருத்துவர், குடும்பத்தினர், பிள்ளைப் பராமரிப்பாளர் ஆகியோர் சந்தேகம் வந்தாலே தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. தெரிவிக்காதது குற்றம்.

அந்தச் சிறுமிக்கு 13க்குப் பதில் 19 வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறார் சட்டம் பொருந்தாது. மாற்றுத்திறனாளிகளுக்கென்று 2008இல் வந்த நம் சட்டம், அணுகல், கல்வி, வேலை பற்றியெல்லாம் பேசுகிறது. ஆனால் எதை மீறினாலும் தண்டனை என்று அதில் ஒரு பிரிவு கிடையாது. மாறாக, அரசின் மேல் வழக்குப் போட முடியாதபடி பாதுகாக்கும் பிரிவு இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இயலாத பெரியவர்களையும் சேர்த்துக்கொள்கிறது, ஆனால் அது குடும்பத்துக்குள் நடப்பதற்கு. மீதிக்கு, எல்லாருக்கும் உள்ள குற்றவியல் சட்டம்தான். அதற்கு முதலில் ஒருவர் காவல் நிலையம் போய், நடந்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும்.

ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 2018இல் ‘பலவீனமான பெரியவர்கள்’ சட்டம் வந்தது. தெரிவிப்பவரின் அடையாளத்தைக் காக்கிறது, நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்குப் பாயாமல் தடுக்கிறது, அதிகாரிகள் வீட்டுக்குள் நுழைந்து பார்க்க வழிசெய்கிறது. தெரிவித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதிலும் இல்லை. ஆனால் கதவைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கும் என்று ஒரு சட்டத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இங்கே 15999 என்ற தாலியான் காசே எண் இருக்கிறது. பக்கத்து வீட்டில் 19 வயசுப் பையனைக் கட்டிப்போட்டிருப்பதைப் பார்த்தால் அழைக்கலாம், அழைக்க வேண்டும். அழைத்த பிறகு இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இதை யார் பெயரில் பதிவுசெய்தீர்கள், எந்தத் தேதிக்குள் யார் போய்ப் பார்ப்பார்கள்?